குளிர்காலத்தில் நீலகிரி மலைப்பாதைப் பயணம்: நோயாளிகளும் உடன் செல்வோரும் அறிய வேண்டியவை

பொதுத் தகவல்

மார்கழி, தை மாதங்களில் நீலகிரிக்குச் செல்லும் சாலைகள் காண்பதற்கு இனியவை. மேட்டுப்பாளையத்தின் பாக்குத் தோப்புகளைக் கடந்து, கல்லாறு, பர்லியாறு வழியாக ஏறும் பாதையில் மூடுபனி இறங்கி நிற்கும். குன்னூருக்கு மேலே தேயிலைத் தோட்டங்கள் விரியும். உதகையை அடுத்த தலைக்குந்தா போன்ற தாழ்வான புல்வெளிகள் விடியற்காலையில் உறைபனியால் வெண்ணிறமாகக் காட்சி தரும். இக்காட்சியைக் காண முதியோர், இதய நோயாளிகள், ஆஸ்துமா உள்ளவர்கள், நீரிழிவு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் எனப் பலரும் குடும்பத்துடன் காரில் பயணம் செய்கின்றனர்.

நோய் கட்டுப்பாட்டில் உள்ளவர்களில் பெரும்பாலோர் தகுந்த முன்னேற்பாட்டுடன் இப்பயணத்தை மேற்கொள்ள இயலும். எனினும் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். மலைப்பாதையில் தோன்றும் மூச்சுத்திணறல், வாந்தி, நடுக்கம், தலைவலி ஆகியவற்றைப் “பயணக் களைப்பு” என்றோ “குளிர் ஒத்துக்கொள்ளவில்லை” என்றோ கருதிப் பலர் ஓய்வெடுக்கச் சென்றுவிடுகின்றனர். அவ்வாறு கருதப்படும் அறிகுறிகளுள் சில, உடனடி சிகிச்சை தேவைப்படும் நிலையின் அடையாளங்களாக இருக்கலாம். அவற்றை வேறுபடுத்தி அறிய இப்பக்கம் உதவும்.

உயரமும் குளிரும் உடலில் என்ன செய்கின்றன?

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரத்தில் உள்ளது. குன்னூர் ஏறக்குறைய 1,850 மீட்டர் உயரத்திலும், உதகை ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்திலும் அமைந்துள்ளன. நீலகிரியின் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டா 2,637 மீட்டர் உயரமுடையது. சுமார் 50 கிலோமீட்டர் சாலைப் பயணத்தில், இரண்டு அல்லது மூன்று மணி நேரத்திற்குள், உடல் கிட்டத்தட்ட 1,900 மீட்டர் மேலே கொண்டு செல்லப்படுகிறது.

உயரே செல்லச் செல்லக் காற்றின் அழுத்தம் குறைகிறது. உதகையில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன், கடலோர ஊர்களில் கிடைப்பதைவிட ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைவு. ஆரோக்கியமானவரின் உடல் சற்று வேகமாக மூச்சு விட்டும், இதயத்தை விரைவாகத் துடிக்கச் செய்தும் இதனை ஈடு செய்துகொள்ளும். நுரையீரலோ இதயமோ ஏற்கெனவே பழுதுற்றவருக்கு இந்த ஈடுசெய்யும் திறன் குறைவாக இருக்கும். சமவெளியில் உட்கார்ந்திருக்கும்போது எவ்விதத் தொந்தரவும் இல்லாதவருக்கு, மலையில் சில படிகள் ஏறியதும் மூச்சு வாங்கலாம்.

குளிர் இரண்டாவது சுமையாகும். உடல் தன் வெப்பத்தைக் காத்துக்கொள்ளத் தோலுக்குச் செல்லும் இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. இதனால் இரத்த அழுத்தம் உயர்கிறது. சுருங்கிய குழாய்களுக்குள் இரத்தத்தைச் செலுத்த இதயம் கூடுதலாக உழைக்க வேண்டியுள்ளது. குளிர்ந்த உலர் காற்று மூச்சுக்குழாய்களையும் சுருங்கச் செய்யும். எனவே ஆஸ்துமாவும், நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயும் உள்ளவர்களுக்கு இருமலும் இழுப்பும் அதிகரிக்கலாம்.

குளிர்கால இரவுகளில் உதகையின் வெப்பநிலை 0 டிகிரி செல்சியஸை ஒட்டி இறங்குவது உண்டு. அதே நாளில் நண்பகல் வெயில் இதமாக இருக்கும். மாலையில் வெயில் மறைந்தவுடன் குளிர் விரைவாக ஏறும். பகலில் தேவைப்படாத கம்பளி உடை மாலையில் கட்டாயம் தேவைப்படும் என்பதை நினைவில் கொள்ளவும்.

மருத்துவரைக் கலந்தாலோசித்த பின்னரே புறப்பட வேண்டியவர்கள்

கீழ்க்கண்டவர்கள் பயண நாளுக்குப் போதிய நாட்கள் முன்னதாகவே தங்கள் மருத்துவரைச் சந்திக்க வேண்டும்.

• அண்மையில் மாரடைப்பு, பக்கவாதம் அல்லது பெரிய அறுவை சிகிச்சைக்கு உள்ளானவர்கள்
• நடக்கும்போது நெஞ்சு வலி அல்லது நெஞ்சு இறுக்கம் ஏற்படுபவர்கள்
• இதயச் செயலிழப்பு உள்ளவர்கள்
• கட்டுக்குள் வராத உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள்
• வீட்டில் ஆக்சிஜன் பயன்படுத்துபவர்கள், அண்மையில் ஆஸ்துமா அல்லது நுரையீரல் நோய் அதிகரித்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்கள்
• கடுமையான இரத்தசோகை உள்ளவர்கள்
• அரிவாள் செல் இரத்தசோகை உள்ளவர்கள். குளிர், நீர்ச்சத்துக் குறைவு, ஆக்சிஜன் குறைவு ஆகிய மூன்றுமே இவர்களுக்குக் கடும் வலியைத் தூண்டக்கூடியவை.
• கர்ப்பிணிகள், குறிப்பாக இரத்தப்போக்கு, உயர் இரத்த அழுத்தம் போன்ற சிக்கல்கள் உள்ளவர்கள்
• டயாலிசிஸ் சிகிச்சையில் உள்ளவர்கள்
• வலிப்பு நோய் கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள்

எளிய முறையில் நீங்களே உங்களை மதிப்பிடலாம். சமவெளியில் ஒரு மாடி ஏறும்போதே மூச்சு வாங்குகிறது அல்லது நெஞ்சு இறுகுகிறது எனில், மருத்துவரைச் சந்திக்காமல் மலைப் பயணத்தைத் திட்டமிட வேண்டாம்.

புறப்படும் முன் செய்ய வேண்டியவை

மருந்துகள்: பயண நாட்களுக்குத் தேவையான மருந்துகளுடன் கூடுதலாகக் குறைந்தது மூன்று நாட்களுக்கான மருந்துகளை எடுத்துச் செல்லவும். நிலச்சரிவு, வாகன நெரிசல் போன்ற காரணங்களால் திரும்புவது தாமதமாகலாம். “மக்களைத் தேடி மருத்துவம்” திட்டத்தின் கீழ் வீட்டிலேயே மருந்து பெறுபவர்கள், பயணத் தேதியைச் சுகாதாரப் பணியாளரிடம் முன்கூட்டியே தெரிவிக்கவும். மருந்துப் பையை வாகனத்தின் பின்புறப் பெட்டிகளுக்கு அடியில் வைக்காமல், கைக்கு எட்டும் இடத்தில் வைக்கவும். நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையும் இன்ஹேலரும் நோயாளியின் சட்டைப் பையிலோ கைப்பையிலோ இருக்க வேண்டும்.

இன்சுலின்: இன்சுலின் உறைந்துவிட்டால் அதன் செயல்திறன் கெட்டுவிடும். உருகிய பின்னும் அதனைப் பயன்படுத்தக் கூடாது. ஆகவே உறைபனி இரவில் இன்சுலினை வாகனத்திற்குள் விட்டுவிட வேண்டாம். சமவெளியில் செல்லும்போது வெயில் படும் இடத்திலும் வைக்க வேண்டாம். பனிக்கட்டியுடன் நேரடியாகத் தொடும்படி வைப்பதும் தவறு. குளுக்கோமீட்டர் மிகுந்த குளிரில் சரியாக வேலை செய்யாமல் போகலாம். அதனை உடலோடு ஒட்டிய பையில் வைத்து, கைகளைச் சூடாக்கிக்கொண்ட பின் பரிசோதிக்கவும்.

ஆவணங்கள்: நோயின் பெயர், உட்கொள்ளும் மருந்துகளும் அளவும், ஒவ்வாமை, இரத்த வகை, மருத்துவரின் தொலைபேசி எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, உடன் செல்லும் அனைவரும் அறிந்த இடத்தில் வைக்கவும். இதய நோயாளிகள் கடைசியாக எடுத்த ஈசிஜி நகலை உடன் கொண்டு செல்வது மருத்துவருக்குப் பேருதவியாக அமையும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருப்பின் அதனையும் எடுத்துச் செல்லவும்.

உடை: தடித்த ஒரே ஆடையைவிட, ஒன்றன்மேல் ஒன்றாக அணியும் மெல்லிய ஆடைகள் வெப்பத்தை நன்கு காக்கும். ஸ்வெட்டர், குல்லா, காலுறை, கையுறை, மூக்கையும் வாயையும் மூடும் மஃப்ளர் ஆகியவை தேவை. மழையிலோ பனியிலோ நனைந்தால் மாற்றிக்கொள்ளக் கூடுதலாக ஒரு செட் உடை வைத்துக்கொள்ளவும்.

நீரும் உணவும்: நீலகிரி மாவட்டத்தில் ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிக் குடிநீர்ப் புட்டிகளுக்குத் தடை உள்ளது. மருந்து உட்கொள்ள வழியில் புட்டி நீர் வாங்கிக்கொள்ளலாம் என்று எண்ண வேண்டாம். எவர்சில்வர் புட்டியில் நீரும், ஒரு பிளாஸ்கில் வெந்நீரும் எடுத்துச் செல்லவும். நீரிழிவு உள்ளவர்கள் சர்க்கரை அல்லது குளுக்கோஸ், பிஸ்கட் ஆகியவற்றைக் கட்டாயம் வைத்திருக்க வேண்டும்.

இ-பாஸும் வழித்தடமும்: நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் சுற்றுலா வாகனங்களுக்கு இ-பாஸ் நடைமுறை 2024 மே மாதம் கொண்டுவரப்பட்டது. தற்போதைய விதிகளை அறிந்து முன்னதாகவே பதிவு செய்தால், சோதனைச் சாவடியில் நோயாளியுடன் காத்திருக்க நேராது. மைசூரு பக்கத்திலிருந்து கூடலூர் வழியாக வருபவர்கள், பந்திப்பூர் வனச் சாலையில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை வாகனப் போக்குவரத்திற்குத் தடை உள்ளதைக் கருத்தில் கொண்டு நேரத்தைத் திட்டமிடவும்.

மலைப்பாதையில்

• பகலில் ஏறி, பகலிலேயே தங்குமிடத்தை அடையும்படி புறப்படவும். இருட்டிய பின் மூடுபனியும் குளிரும் அதிகரிக்கும். மருத்துவ உதவி வந்து சேரவும் கூடுதல் நேரம் ஆகும்.

• மேட்டுப்பாளையம் – குன்னூர் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. வாகனம் வளையும்போது காதின் உட்பகுதி அசைவை உணர்கிறது. கைபேசியையோ புத்தகத்தையோ பார்க்கும் கண்கள் அதனை உணர்வதில்லை. இந்த முரண்பாடே தலைசுற்றலுக்கும் வாந்திக்கும் காரணம். வாந்தி வரக்கூடியவர் முன் இருக்கையில் அமர்ந்து, தொலைவில் உள்ள சாலையைப் பார்க்க வேண்டும். சன்னலைச் சற்றுத் திறந்து வைக்கவும். வெறும் வயிற்றோடும், வயிறு நிறைய உண்டும் ஏற வேண்டாம்; இட்லி போன்ற எளிய உணவு போதும்.

• வாந்தியைத் தடுக்கும் மாத்திரைகள் பெரும்பாலும் தூக்கத்தை உண்டாக்கும். அவற்றை வாகனம் ஓட்டுபவர் உட்கொள்ளக் கூடாது. கண் நீர் அழுத்த நோய், புரோஸ்டேட் வீக்கம் உள்ளவர்களும் முதியோரும் மருத்துவரைக் கேட்காமல் அவற்றை உட்கொள்ள வேண்டாம்.

• காது அடைத்தால் எச்சில் விழுங்கவும், மிட்டாய் சப்பவும். கைக்குழந்தைக்கு வாகனத்தை நிறுத்திப் பால் கொடுக்கலாம். கடும் சளி, காது வலி உள்ள குழந்தையின் பயணத்தைத் தள்ளிவைப்பது நல்லது.

• சமவெளியிலிருந்து நீண்ட தூரம் வருபவர்கள் இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை இறங்கிச் சில நிமிடங்கள் நடக்க வேண்டும். நெடுநேரம் அசையாமல் அமர்ந்திருந்தால் கால் நரம்புகளில் இரத்தம் உறைய வாய்ப்புண்டு. கழிப்பறைக்குச் செல்ல நேரும் என்று அஞ்சி நீர் அருந்தாமல் இருப்பதும், சிறுநீர் அதிகம் வெளியேறச் செய்யும் மாத்திரையைத் தாமாகவே நிறுத்துவதும் தவறு. மாத்திரையின் நேரத்தை மாற்றலாமா என்று முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்கவும்.

• கர்ப்பிணிகள் சீட் பெல்ட்டின் கீழ்ப்பட்டையை வயிற்றுக்குக் கீழே, இடுப்பெலும்பின் மீது படியுமாறு அணிய வேண்டும்.

• ஆக்சிஜன் சிலிண்டர் கொண்டு செல்வோர் அதனை உருளாதபடி கட்டி வைக்கவும். வாகனத்தில் எவரும் புகைபிடிக்கக் கூடாது.

வாகனம் ஓட்டுபவருக்கு

நோயாளியின் பாதுகாப்பு ஓட்டுபவரின் உடல்நிலையையும் பொறுத்தது. நீரிழிவுக்கு இன்சுலின் அல்லது மாத்திரை எடுப்பவர் ஓட்டுவதாயின், மலை ஏறும் முன் சர்க்கரை அளவைப் பரிசோதிக்க வேண்டும். நடுக்கம், வியர்வை, பார்வை மங்கல் தோன்றினால் பாதுகாப்பான இடத்தில் வாகனத்தை உடனே நிறுத்தி, சர்க்கரை உட்கொள்ள வேண்டும்.

மூடுபனியில் முகப்பு விளக்கைத் தாழ்வாக ஒளிரவிடவும். உயர் ஒளி பனியில் பட்டுத் திரும்பிக் கண்ணைக் கூசச் செய்யும். ஏறி வரும் வாகனத்திற்கு வழி விடவும். இறங்கும்போது, ஏறிய அதே கியரில் இறங்கவும். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். விடியற்காலையில் நிழலான இடங்களில் சாலை ஈரமாகவும் வழுக்கலாகவும் இருக்கலாம்.

மலையை அடைந்த பின்

முதல் நாளை ஓய்வு நாளாக வைத்துக்கொள்ளவும். வந்த அன்றே தொட்டபெட்டா சிகரத்திற்கோ, படிகள் மிகுந்த பூங்காக்களுக்கோ இதய நோயாளிகளை அழைத்துச் செல்ல வேண்டாம். உண்டவுடன் குளிரில் நடப்பதையும், மேட்டில் வேகமாக ஏறுவதையும் தவிர்க்கவும். உறைபனியைக் காண விடியற்காலையில் வெளியே செல்ல விரும்பினால், நெஞ்சு வலியோ ஆஸ்துமாவோ உள்ளவர்கள் வாகனத்திற்குள் இருந்தபடியே காணலாம். அல்லது வெயில் ஏறிய பின் வெளியே வரலாம்.

உயரத்தால் ஏற்படும் நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேலேயே காணப்படுகிறது. உதகையில் சிலருக்கு இலேசான தலைவலியும் தூக்கக் குறைவும் ஏற்பட்டு, ஓரிரு நாட்களில் சரியாகிவிடும். ஓய்விலும் மூச்சுத்திணறல் இருந்தால் அது இயல்பானதன்று; உடனே மருத்துவமனைக்குச் செல்லவும்.

பல்ஸ் ஆக்சிமீட்டர் பயன்படுத்துவோர் கவனிக்க: மலையில் ஆக்சிஜன் அளவு சமவெளியில் இருப்பதைவிடச் சற்றுக் குறைந்தே காட்டும். விரல் குளிர்ந்திருந்தாலும் அளவு தவறாகக் காட்டப்படலாம். எந்த அளவுக்குக் கீழே சென்றால் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்பதைப் புறப்படும் முன்பே உங்கள் மருத்துவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளவும்.

நீரிழிவால் பாத உணர்வு குறைந்தவர்கள் சுடுநீர்ப் பை, கணப்பு, ஹீட்டர் ஆகியவற்றின் அருகில் காலை வைக்கக் கூடாது. சூடு தெரியாமலேயே தீப்புண் உண்டாகும். காலுறையும் கம்பளியும் போதுமானவை.

இரவில் மிகப் பெரும் ஆபத்து: மூடிய அறையில் கரி நெருப்பு

குளிர் தாங்காமல், சமைத்து முடித்த கரி அடுப்பையோ கனன்றுகொண்டிருக்கும் கரித்துண்டுகளையோ அறைக்குள் எடுத்துச் சென்று, கதவையும் சன்னலையும் மூடிக்கொண்டு உறங்கியவர்கள் உயிரிழந்த நிகழ்வுகள் மலைப் பகுதிகளில் நடந்துள்ளன. இவர்களில் நோய் ஏதும் இல்லாத இளைஞர்களும் அடங்குவர்.

எரியும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு வெளியாகிறது. இதற்கு நிறமும் மணமும் இல்லை. புகை அடங்கிவிட்டதால் ஆபத்து நீங்கிவிட்டது என்று பொருளன்று. புகையின்றிக் கனலும் கரியிலிருந்தும் இவ்வாயு தொடர்ந்து வரும். இது இரத்தத்தில் ஆக்சிஜன் சேர வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. உறக்கத்திலிருப்பவர் விழிக்காமலேயே நினைவிழக்கிறார். கர்ப்பிணிகள், கருவில் உள்ள குழந்தை, இதய நோயாளிகள் ஆகியோர் இன்னும் எளிதாகப் பாதிக்கப்படுவர்.

செய்யக் கூடாதவை:

• கரி அடுப்பு, விறகு நெருப்பு, பார்பிக்யூ அடுப்பு ஆகியவற்றை அறைக்குள்ளோ கூடாரத்திற்குள்ளோ கொண்டு செல்லக் கூடாது. சன்னலைச் சிறிது திறந்து வைப்பது பாதுகாப்பு ஆகாது.
• காற்றோட்டமில்லாத குளியலறையில் எரிவாயு கீசரைப் பயன்படுத்தக் கூடாது.
• இயந்திரத்தை ஓடவிட்டு, கண்ணாடிகளை மூடிக்கொண்டு வாகனத்திற்குள் உறங்கக் கூடாது.

அறிகுறிகள்: தலைவலி, தலைசுற்றல், குமட்டல், சோர்வு, குழப்பம். ஒரே அறையில் உள்ள பலருக்கும் ஒரே நேரத்தில் இவை தோன்றினால் கார்பன் மோனாக்சைடு நச்சு என்றே கருத வேண்டும். பல்ஸ் ஆக்சிமீட்டர் இந்நிலையிலும் இயல்பான அளவைக் காட்டும். அதனை நம்ப வேண்டாம். அனைவரையும் உடனே திறந்த வெளிக்குக் கொண்டு வந்து 108 ஐ அழைக்கவும். வெளியே வந்ததும் தெளிவு பெற்றாலும் மருத்துவமனையில் பரிசோதனை அவசியம்.

“களைப்பு” என்று தவறாகக் கருதப்படும் அறிகுறிகள்

உடன் செல்வோர் இப்பகுதியைப் பயணத்திற்கு முன் ஒருமுறையேனும் படித்துக்கொள்ள வேண்டும்.

வாந்தியும் வியர்வையும்: வளைவுகளால் வந்த வாந்தி, வாகனத்தை நிறுத்திச் சற்று நேரம் ஓய்வெடுத்தால் பெரும்பாலும் குறையும். வாந்தியுடன் குளிர்ந்த வியர்வை, மூச்சுத்திணறல், மேல்வயிறு, தாடை, தோள் அல்லது கையில் வலி, நெஞ்சில் பாரம் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் மாரடைப்பாக இருக்கலாம். நீரிழிவு உள்ளவர்கள், பெண்கள், முதியோர் ஆகியோருக்கு நெஞ்சு வலி இல்லாமலும் மாரடைப்பு வரலாம்.

நடுக்கம்: நீரிழிவு உள்ளவர் குளிரில் நடுங்குவதாகத் தோன்றினாலும் முதலில் சர்க்கரை அளவைப் பார்க்கவும். வியர்வை, பசி, படபடப்பு, எரிச்சல் ஆகியவற்றுடன் கூடிய நடுக்கம் தாழ்சர்க்கரையைக் குறிக்கும். பரிசோதிக்க வசதி இல்லையெனில் தாழ்சர்க்கரை என்றே கருதிச் சர்க்கரை கொடுக்கவும்.

பேச்சுக் குழறல்: “குளிரில் வாய் குழறுகிறது” என்று விட்டுவிட வேண்டாம். முகம் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை அல்லது கால் வலுவிழத்தல் ஆகியவற்றுடன் பேச்சு குழறினால் பக்கவாதம். அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளவும். இரத்தக் கட்டியைக் கரைக்கும் சிகிச்சை குறிப்பிட்ட நேரத்திற்குள் மட்டுமே பயன் தரும்.

மந்தமும் உறக்கமும்: நனைந்த உடையுடன் குளிரில் இருந்த முதியவர் அல்லது குழந்தை, நடுங்குவதை நிறுத்திவிட்டு மந்தமாகிக் குழப்பத்துடன் பேசினால் அது தேறுதலின் அடையாளம் அன்று. உடல் வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கியிருக்கலாம்.

அவசர நிலையில் செய்ய வேண்டியவை

நெஞ்சு வலி: நோயாளியை அமரச் செய்யவும், நடக்க விட வேண்டாம். மருத்துவர் ஏற்கெனவே பரிந்துரைத்திருந்தால், நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையைக் கொடுக்கவும். 5 நிமிடங்களில் வலி நீங்காவிட்டால் 108 ஐ அழைக்கவும். இதுவரை இதய நோய் இல்லாதவருக்கு வலி வந்தால் காத்திராமல் உடனே அழைக்கவும்.

தாழ்சர்க்கரை: அளவு 70 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கலந்து கொடுக்கவும். 15 நிமிடங்கள் கழித்து மீண்டும் பரிசோதிக்கவும். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

இழுப்பு: நிமிர்ந்து அமரச் செய்து, உடனடி நிவாரண இன்ஹேலரை மருத்துவர் கூறிய முறையில் கொடுக்கவும். முழு வாக்கியம் பேச இயலாத நிலை, உதடு நீலமாதல் ஆகியவை ஆபத்தின் அடையாளங்கள்.

உடல் குளிர்ந்து போதல்: நனைந்த உடையை மாற்றவும். தலை, கழுத்து, மார்பு ஆகியவற்றை முதலில் கம்பளியால் போர்த்தவும். நினைவுடன் இருந்தால் சூடான இனிப்புப் பானம் கொடுக்கலாம். கை கால்களை வலுவாகத் தேய்ப்பதும், நெருப்பருகே வைப்பதும் கூடாது.

108 ஐ அழைக்கும்போது இருக்கும் இடத்தைத் தெளிவாகக் கூறவும். கொண்டை ஊசி வளைவுகளில் எண் எழுதிய பலகைகள் உள்ளன. “குன்னூர் மலைப்பாதை, இத்தனையாவது வளைவு, ஏறும் திசை” என்று கூறினால் ஆம்புலன்ஸ் தாமதமின்றி வந்து சேரும். மலைப்பாதையின் சில இடங்களில் கைபேசி சமிக்ஞை கிடைக்காது. ஆகவே கடந்து செல்லும் வளைவின் எண்ணையும் ஊரின் பெயரையும் உடன் செல்பவர் ஒருவர் கவனித்து வருவது நல்லது.

மேட்டுப்பாளையம், கோத்தகிரி, கூடலூர் ஆகிய ஊர்களில் அரசு மருத்துவமனைகளும், குன்னூரில் அரசு லாலி மருத்துவமனையும், உதகையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் உள்ளன. எந்த இடத்திலிருந்து எது அருகில் உள்ளது என்பதை முன்பே பார்த்து வைக்கவும். பாதி வழியில் உடல்நிலை மாறினால், பயணத்தை முடித்துவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணாமல் அருகில் உள்ள மருத்துவமனைக்குச் செல்லவும்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குளிருக்கு மது அருந்துவது நல்லதா?
இல்லை. மது தோலின் இரத்தக் குழாய்களை விரியச் செய்வதால் சூடு போன்ற உணர்வு மட்டுமே கிடைக்கிறது. உண்மையில் உடல் வெப்பம் வெளியேறுகிறது. நீரிழிவு உள்ளவர்களுக்குச் சர்க்கரை அளவும் தாழ்ந்துவிடலாம்.

குளிரில் இரத்த அழுத்தம் உயரும் என்பதால் மாத்திரையைக் கூட்டிக்கொள்ளலாமா?
கூடாது. அளவை மாற்றும் முடிவு மருத்துவருடையது. வழக்கமான மாத்திரையைத் தவறாமல் உரிய நேரத்தில் உட்கொள்ளவும்.

குளிரில் தாகம் எடுப்பதில்லை. நீர் அருந்த வேண்டுமா?
ஆம். உலர்ந்த குளிர்காற்றில் மூச்சின் வழியாகவும் நீர் வெளியேறுகிறது. வெதுவெதுப்பான நீரைச் சிறிது சிறிதாக அருந்தவும். மருத்துவர் நீரின் அளவைக் கட்டுப்படுத்தியிருந்தால் அதனைப் பின்பற்றவும்.

வீடு திரும்பிய பின் எதைக் கவனிக்க வேண்டும்?
ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், நீங்காத இருமல், காய்ச்சல், மூச்சு வாங்குதல் ஆகியவை இருந்தால் மருத்துவரை அணுகவும். நீரிழிவு உள்ளவர்கள் பாதங்களில் கொப்புளமோ வெடிப்போ உள்ளதா என்று பார்க்கவும்.

நோயாளி “எனக்கு ஒன்றுமில்லை, சற்று உறங்கினால் சரியாகிவிடும்” என்கிறார். என்ன செய்வது?
குடும்பத்தினரின் பயணம் தன்னால் கெடக் கூடாது என்றெண்ணி வலியை மறைப்போர் பலர். மேற்கூறிய அறிகுறிகளில் ஒன்றேனும் இருந்தால், அவருடைய சொல்லைக் கொண்டு முடிவு செய்யாமல் மருத்துவ உதவியை நாடவும். புறப்படும் முன்பே, “உங்கள் உடல்நிலைக்காகத் திரும்ப நேர்ந்தால் எங்களுக்கு வருத்தமில்லை” என்று அவரிடம் கூறி வைப்பது, அவர் தயங்காமல் உண்மையைச் சொல்ல உதவும்.

அவசர ஆம்புலன்ஸ் சேவைக்கு: 108
மருத்துவ ஆலோசனைக்கும் தகவலுக்கும்: 104

இப்பக்கத்தில் உள்ளவை பொதுவான விழிப்புணர்வுத் தகவல்கள் ஆகும். இவை மருத்துவரின் நேரடி ஆலோசனைக்கு மாற்றாகா. உங்கள் உடல்நிலைக்கு ஏற்ற அறிவுரையை உங்கள் மருத்துவரிடமோ அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பெறவும்.